மச்சான் என்றொரு பந்து

இருபத்திரண்டு வருடமாக நான் பேஸ்பால் பந்து பிடிக்கிறேன். ஆட்டத்தில் அல்ல. ஆட்டத்துக்கு முன்னால், ஓரத்தில், பந்துவீச்சாளர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்தில். லோயல் டகெட், சுருக்கமாக டக், என்ற என் பெயர் ஒரு பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் போர்ட்லாண்டு நாரைகள் அணியில் எவன் கை நல்ல கை, எவன் கை செத்த கை என்று என் இடது உள்ளங்கைக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் ஆபீஸ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன வந்தது.

அப்படிப்பட்ட என்னையே போன பிப்ரவரியில் ஒரு பந்து ஏமாற்றிவிட்டது. அரிசோனாவில் முகாம் தொடங்கி நாலாவது நாள். எலிசேயோ பாயானோ எனக்கு வீசிக்கொண்டிருந்தான். டொமினிக்கன்காரன், இடது கை, இருபத்தொன்பது வயது. ஏழு வருடமாக மேல் அணிக்கும் கீழ் அணிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். குளிர்காலத்தில் ஊரில் டாக்ஸிக் கதவில் மோதிர விரலை நசுக்கிக்கொண்டு வந்திருந்தான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

“பெருசு, புதுசா ஒண்ணு வெச்சிருக்கேன். பயந்துடாத.”

“டேய், நீ பள்ளிக்கூடம் போறப்பவே பந்து பிடிச்சவன்டா நான். போடு.”

போட்டான். கை வந்த வேகத்தைப் பார்த்தால் நேர்ப்பந்து. அப்படித்தான் கையுறையை நீட்டினேன். பாதி வழியில் அந்தப் பந்து, எதற்கு வந்தோம் என்று மறந்துபோன ஆள் மாதிரி ஒரு கணம் நின்றது. சத்தியமாக நின்றது. பிறகு பக்கவாட்டில் சரிந்து கீழே விழுந்து என் முழங்காலில் அடித்தது. மட்டைக்காரன் யாரும் இல்லாமல், குறுக்கே ஒரு ஈ கூட இல்லாமல், பயிற்சியில் வந்த பந்தை நான் தவறவிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்ததும் அதே முழங்காலில். மூன்றாவதை விரல் நுனியில் பிடித்தேன்.

“இதுக்கு என்னடா பேரு?”

“மச்சான்” என்றான். “என் பொண்டாட்டிக்கு ஒரு அண்ணன் இருக்கான். வர்றேன் வர்றேன்னு சொல்லுவான். நீ தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. வரவே மாட்டான்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தொரு வயதில், கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு நுழைந்துவிட்டவன் மாதிரி நின்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நேராகப் போய் மாரியன் கெஸ்லரிடம் சொன்னேன். அணியில் யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்கிற அதிகாரி அந்த அம்மாள்தான். முப்பத்தெட்டு வயது. தூங்கிப் பல வாரம் ஆன கண்கள். அவள் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் ஒட்டு வில்லைகளில் பெயர்கள். பந்துவீச்சாளர்களுக்கு மட்டும் பதிமூன்று இடம். பன்னிரண்டு நிரம்பிவிட்டது. பதிமூன்றாவதற்கு நேரே இரண்டு வில்லைகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் பாயானோ. இன்னொன்றில் கார்வின் ஹாஸ்கின்.

“போன வருஷம் எத்தனை பேர் நமக்கு வீசினாங்க தெரியுமா டக்? முப்பத்தொண்ணு. பதிமூணு பேரோட ஆரம்பிச்சு, முப்பத்தொண்ணு. ஜூன் வந்தா முழங்கை ஒண்ணொண்ணா கழண்டுக்கும். எனக்கு ஹாஸ்கினும் வேணும், பாயானோவும் வேணும்.”

“இருக்கறது ஒரு இடம்தானே மேடம்.”

“ஹாஸ்கின் இந்த வயசுல கீழ போக மாட்டார். அதான் பாயானோவைக் கீழ அனுப்பி வெச்சுக்கலாம்னு பாக்கறேன்.”

அங்கேதான் சிக்கல். ஒருத்தனை மூன்று வருடம் வரைக்கும் இஷ்டத்துக்குக் கீழே அனுப்பலாம், மேலே கூப்பிடலாம். பாயானோவின் மூன்று வருடமும் தீர்ந்துவிட்டது. இனி அவனைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மற்ற இருபத்தொன்பது அணிகளிடமும் ‘இவன் வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். யாராவது ஒருத்தர் கையைத் தூக்கினால் போச்சு, அவர்களுக்கே. ஒருத்தரும் தூக்காவிட்டால்தான் அவன் நமக்கு.

“அப்ப அவனை யாருக்கும் பிடிக்கக் கூடாது” என்றாள் கெஸ்லர். “பின் மைதானத்துல மட்டும் வீசட்டும். வேகம் அளக்கற மிஷின் ரிப்பேர்னு போர்டு மாட்டிடறேன். அந்தப் புதுப் பந்து வேண்டாம். நீங்களே பிடிங்க. வேற யாராவது பிடிச்சா சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் நாறிடும்.”

“அவன்கிட்ட என்னன்னு சொல்றது?”

“விரல் இன்னும் ஆறல, ஏப்ரல் வரைக்கும் அதைத் தொடாதன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் அந்த இன்னொரு வில்லை. ஹாஸ்கினுக்குப் பதினான்கு வருடம் பந்து பிடித்திருக்கிறேன். என் இரண்டு கல்யாணத்திலும் பக்கத்தில் நின்றவன், இரண்டாவதில் ‘இதாவது நிக்கட்டும்’ என்று மைக்கிலேயே சொன்னவன். அவனுக்கு வயது முப்பத்தேழு. இந்த இடம் போனால் வேறு எந்த அணியும் கூப்பிடாது. அந்தப் பதிமூன்றாவது இடம் அவனுக்குத்தான் என்று என் மனசு முன்னாலேயே எழுதிவிட்டது. அதனால் பாயானோவிடம் போய், முகத்தைப் பார்த்து, பொய் சொன்னேன்.

“சரி பெருசு” என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவனுக்கு என்ன போகிறது என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். சீசனின் முதல் நாள் அணி மொத்தமும் வெள்ளைக் கோட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள், தொப்பியைக் கழற்றிக் காட்ட வேண்டும். ஏழு வருடத்தில் பாயானோ ஒரு தடவை கூட அந்தக் கோட்டில் நின்றதில்லை. எவன் முழங்கையாவது கழன்றால் நடுவில் வந்து, அது கூடியதும் போகிறவன். “இந்த வருஷமும் கோட்டுல நிக்கலைன்னா ஊருக்கு வந்துடறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன் பெருசு. அவ அண்ணனோட சேந்து டயர் கடை போடணும்” என்று முகாமின் முதல் நாளே சொல்லியிருந்தான். “கடை தொறக்கற அன்னிக்காவது அவன் வருவானா?” என்று நான் கேலி செய்தேன்.

மார்ச் முழுக்கப் பின் மைதானத்தில் அவன் அடி வாங்கினான். நேர்ப்பந்து, பழைய வளைபந்து, நேர்ப்பந்து. எல்லாம் வேலி தாண்டிப் போயின. ஒவ்வொரு அடிக்கும் நான் கையுறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சீசனுக்கு ஐந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை, காலை பத்து மணி. பக்கத்து முகாமிலிருந்து இன்னொரு அணியின் கீழ்நிலைப் பையன்கள் ஆட வந்திருந்தார்கள். பின் மைதானத்து ஆட்டத்தை ஆட்டம் என்றே சொல்ல முடியாது. யாரும் ஸ்கோர் எழுதுவதில்லை. ஒரே ஆள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மட்டை பிடிக்கலாம். பந்துவீச்சாளன் ரொம்ப வீசிவிட்டால், மூன்று பேர் அவுட் ஆனாலும் ஆகாவிட்டாலும், பயிற்சியாளர் ‘சுருட்டு’ என்று கத்துவார். அவ்வளவுதான், அந்த இன்னிங்ஸ் முடிந்தது, எல்லோரும் உள்ளே போக வேண்டியதுதான். கை கெட்டுப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் முடிக்கத் தெரியாத இன்னிங்ஸைப் பாவம் பார்த்து அடுத்தவர் முடித்துவைப்பது எப்படி இருக்கும் என்று, பந்து வீசுகிற அந்த மண்மேட்டிலிருந்து இறங்கி வருகிறவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் இன்னிங்ஸ். இருபது பந்து, ஒரே ஒரு அவுட், ஓட வேண்டிய மூன்று முனையிலும் எதிரணி ஆள் நிற்கிறது. “சுருட்டு!” என்றார் எங்கள் பயிற்சியாளர் நெல்சன் ஃபின்ச், கையில் இருக்கும், பந்துக் கணக்கு வைக்கிற எண்ணியைப் பார்த்துக்கொண்டே. இரண்டாவது இன்னிங்ஸ் அதைவிட மோசம். “சுருட்டு!”

எதிரணியில் சிவந்த தாடி வைத்த ஒரு பயல், ஓடி முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னான்: “ரொம்ப நல்லவர்டா இவரு. கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் யார் கோபப்பட? வேலிக்கு அந்தப்புறம் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு மனிதர் நின்றிருந்தார். வேறு அணிக்காக ஆள் பார்க்கிறவர், நாற்பது வருடமாக வெயிலில் காய்ந்த முகம். அவர் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டு மூடினார். என்ன எழுதியிருப்பார் என்று பார்க்காமலே தெரியும். ‘வேண்டாம்.’ கெஸ்லரின் திட்டம் பலித்துவிட்டது. ஹாஸ்கினுக்கு இடம் உறுதி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

பாயானோ பெஞ்சில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமல் கேட்டான்.

“பெருசு, என் கை போயிடுச்சா? நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட.”

அடப் பாவி. எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், அதெல்லாம் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பலகை, வில்லை, ரிப்பேர் ஆகாத மிஷினுக்கு மாட்டிய போர்டு, ஆறிப்போன விரலுக்கு நான் சொன்ன பொய், ஹாஸ்கின், என் கல்யாணம் உட்பட எல்லாம். ஒளித்துவைக்கத்தான் அவனை அடி வாங்கவிட்டோம் என்று சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அவன் தன் கோணல் விரலைத் தடவிப் பார்த்தான். பிறகு, “ஹாஸ்கினுக்கு இது தெரியுமா?” என்றான்.

“தெரியாது.”

“அப்ப சரி.” எழுந்து தொப்பியை மாட்டினான். “ஒரு விரல் காட்டினா நேர்ப்பந்து போடறேன். மூணு விரல் காட்டினா மச்சான். நீ எதைக் காட்டறியோ அது. நான் மாத்த மாட்டேன். காட்டறது உன் இஷ்டம்.”

மூன்றாவது இன்னிங்ஸ். முதலில் வந்தவன் அந்தச் சிவந்த தாடி. நான் குந்தினேன். இரண்டு தொடைக்கும் நடுவே என் வலது கை. ஒரு விரல் என்றால் என் வேலை இருக்கும், என் நண்பனுக்கு இடம் இருக்கும், இவன் டயர் கடைக்குப் போவான். மூன்று விரல் என்றால் எல்லாம் தலைகீழ்.

மூன்று விரலைக் காட்டினேன். நியாயத்துக்காகக் காட்டினேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்தப் பந்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். ஐந்து வாரமாக அது என் தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

பந்து வந்தது, நின்றது, விழுந்தது. சிவந்த தாடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தலைக்கவசம் பறக்க, மண்ணில் உட்கார்ந்தான். அவன் ஆட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“சார், என்ன அது?”

“மச்சான்.”

“என்னது?”

“எந்திரி. இன்னும் ரெண்டு இருக்கு.”

அந்த இரண்டும் அப்படியே; மூன்று தடவை தவறினால் ஆள் அவுட். அடுத்தவனுக்கு மூன்று, அதற்கடுத்தவனுக்கு மூன்று. ஒன்பது பந்தில் மூன்று பேர் அவுட். இன்னிங்ஸ் முடிந்துவிட்டது, எல்லோரும் உள்ளே போக வேண்டும். ஒருத்தரும் அசையவில்லை. சிவந்த தாடி மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்து நின்றான்.

“இன்னொரு தடவை” என்றான்.

“டேய், மூணு அவுட்டு ஆயிடுச்சு. சுருட்டு!” என்றார் ஃபின்ச்.

“யோவ் ஃபின்ச், கொஞ்சம் சும்மா இருய்யா” என்று எதிரணிப் பயிற்சியாளர் கத்தினார். “பசங்க பாக்கட்டும். இவனுங்க ஜென்மத்துல இன்னொரு தடவை பாக்கப் போறானுங்களா?”

பின் மைதானத்தில் யார் எத்தனை தடவை வேண்டுமானாலும் மட்டை பிடிக்கலாமே. சிவந்த தாடிக்குப் பின்னால் ஒருத்தன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் வேலி தாண்டி வந்தார்கள். எங்கள் பையன்களும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மட்டையோடு போய் நின்றார்கள். பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி வரிசை. ஆளுக்கு மூன்று பந்து. வீசுவான், சுற்றுவார்கள், தலையை ஆட்டிக்கொண்டே போவார்கள். போகிறவனிடம் நிற்கிறவன் “எப்படிடா இருக்கு?” என்று கேட்பான். “தெரியலடா. அது அங்க இல்லவே இல்லடா” என்பான். யாரும் வெட்கப்படவில்லை. ஒருத்தன் மட்டையின் விளிம்பில் பந்தை லேசாக உரசிவிட்டான். பந்து பின்னால் போய் விழுந்தது. என்னமோ உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

நான் பிடித்தது பாதி, மார்பில் வாங்கியது பாதி. முகக்கவசத்துக்குள் கண்ணீர் வழிந்தது. வலியால் அல்ல. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தோல் உருண்டை என்னென்ன செய்யும் என்று தெரிந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்தத் திமிருக்காக.

வைக்கோல் தொப்பிக்காரர் நோட்டைத் திறக்கவே இல்லை. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். “ஸ்ஸ், என்னா வெயில்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மெதுவாக நடந்தார். வேலி முனை திரும்பியதும் ஓட ஆரம்பித்தார். அறுபது வயது மனிதர், காதில் போனை வைத்துக்கொண்டு, தொப்பி விழுந்ததைக் கூட எடுக்காமல் ஓடினார்.

அவர் ஓடியதை நான் மட்டும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கம்பி வலைக்கு அருகில் கெஸ்லர் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

“டக்.”

“மேடம்.”

“இனி ஒளிச்சு வைக்க முடியாது.”

“முடியாது மேடம்.”

“உங்க வேலை போச்சுன்னு தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

அவள் கண் மேட்டை விட்டு நகரவில்லை. “எத்தனை ஆச்சு ஃபின்ச்?” என்று கேட்டாள். எண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபின்ச் திருதிருவென்று விழித்தார். அவர் எப்போதோ எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

“போதும், அவன் கை போயிடும்” என்றாள். பிறகு ஒரு குழந்தை கேட்கிற மாதிரி, “வரிசையில இன்னும் எத்தனை பேர்?” என்றாள்.

“ஒருத்தர்தான் மேடம்” என்றார் ஃபின்ச்.

திரும்பிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், ஓட்டப் பயிற்சி முடித்த வியர்வையோடு, யாரிடமோ வாங்கிய மட்டையைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்கின் நின்றிருந்தான்.

“இதை எந்தப் பக்கம்டா பிடிக்கணும்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். விதி மாறியதால் பந்துவீச்சாளர்கள் மட்டை பிடித்துப் பல வருடம் ஆகிறது. அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். வலைக்குப் பின்னால் கெஸ்லரைப் பார்த்தான். மேட்டில் நிற்கிறவனைப் பார்த்தான். பதிமூன்றாவது இடத்துக்கு நேரே இரண்டு பெயர் ஒட்டியிருப்பது முகாமில் சமையல்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை.

பாயானோ மேட்டிலிருந்து இறங்கி நின்று, மறுபடி ஏறி, என் விரலுக்காகக் காத்திருந்தான். என்னால் முடியவில்லை. ஒரு விரலைக் காட்டினேன். நேர்ப்பந்து வந்தது, சாதுவாக, நடுவில். ஹாஸ்கின் மட்டையை அசைக்கவே இல்லை.

“டக்” என்றான், உதடு அசையாமல். “பதினாலு வருஷம் எனக்குப் பந்து பிடிச்சிருக்க. என்னை அசிங்கப்படுத்தாதடா. அதைக் காட்டு.”

மூன்று விரலைக் காட்டினேன்.

பந்து வந்தது, நின்றது, விழுந்தது. ஹாஸ்கின் சுற்றவில்லை. மட்டை தோளிலேயே இருந்தது. கண் மட்டும் பந்தோடு இறங்கி என் கையுறைக்குள் வந்தது. அவன் ஒரு பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்தது. அதற்கும் அசையவில்லை. அவ்வளவுதான், மூன்று ஆகிவிட்டது.

மட்டையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான். திரும்பாமலே பேசினான்.

“மாரியன், அந்தப் பலகையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. கூட்டம் எல்லாம் போட வேண்டாம். அவன் இருக்கட்டும்.”

குரல் உடையவில்லை. மேட்டில் பாயானோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தேன். என்னமோ சொல்ல வேண்டும், பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுந்தேன். ஹாஸ்கின் குனிந்து, முகக்கவசத்தை எடுத்து, மண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினான்.

“மாட்டிக்க. இன்னொண்ணு போடச் சொல்லு.”

“எதுக்குடா?”

“சும்மாதான்டா” என்றான். அவன் கண் இரண்டும் சின்னப் பையன் கண் மாதிரி இருந்தது. “பாக்கணும்.”

நான் மாட்டிக்கொண்டு குந்தினேன். மூன்று விரலைக் காட்டினேன்.